அரைக்கயிறும் அணையாத விளக்கும்
வாசகர் கேள்வி – பதில்

ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர் நடத்திய சிலுவைப் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், டெம்பிளர், ஹொஸ்பிற்றலர் போன்ற படைத்துறவியர், அதாவது வாளேந்திப் போரிட்ட துறவிகள், “கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள்” என்று ஒரே ஒரு வரி இருந்தது. மடுவிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கற்பு என்றால் எங்களுக்கு வற்றாப்பளை அம்மன்தான் நினைவுக்கு வருவா. குதிரையேறி வாள் பிடித்த ஆம்பிளைகளுக்குக் கற்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சொல் பிழையா?
– வாசகி, முள்ளியவளை

சொல் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் களவியலுக்கு அடுத்து வருவது கற்பியல். அங்கே கற்பு என்பது ஊரறிய மணம் முடித்து வாழும் வாழ்வு. வற்றாப்பளையில் அம்மனாக இருக்கும் கண்ணகியின் கற்பும் கணவன் ஒருவன் இருந்ததால் வந்த கற்பு. லத்தீன் மொழியில் ‘காஸ்டிற்றாஸ்’ எனப்படும் வார்த்தைப்பாட்டுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இதே சொல்லை எடுத்தபோது, மணவாழ்வைக் குறித்த சொல் மணமே இல்லாத வாழ்வைக் குறிக்க வந்துவிட்டது.

துறவி கொடுக்கும் கற்பு வாக்கில் மூன்று அடங்கும்: மணம் முடிக்காமை, உடலுறவு கொள்ளாமை, மனத்திலும் அதை நாடாமை. முதல் இரண்டையும் பிறர் பார்த்துச் சொல்லலாம், மூன்றாவதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் மட்டுமே கேட்பார். ‘பிரமச்சரியம்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்குக் குழப்பம் வந்திராது, ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் ‘கற்பு’ என்றே விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மனைவியோடு வாழ்ந்துகொண்டே கற்பு வார்த்தைப்பாடு கொடுத்த போர்வீரர் சபை ஒன்றும் இருந்தது. அது கீழே வருகிறது.

மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்பதும் இவர்கள் வாக்குக் கொடுத்ததும் ஒரே மாதிரியானவையா? சிலுவைப் போருக்குப் போன எல்லாரும் துறவிகளா?
– வாசகர், பாலம்பிட்டி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. பாடநூல்களைப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

சிலுவைப் போருக்குப் போனவர் வைத்ததுதான் உங்கள் நேர்த்தியைப் போன்றது. “ஜெருசலேமுக்குப் போய்க் கிறிஸ்துவின் கல்லறையைத் தரிசிப்பேன்” என்று வாக்குக் கொடுப்பார், உடையில் துணிச் சிலுவை தைத்துக்கொள்வார், போவார், நேர்த்தியை நிறைவேற்றுவார், வீடு திரும்புவார். அதோடு முடிந்தது. அவருக்கு மனைவி மக்கள் இருக்கலாம். மனைவியின் சம்மதம் இல்லாமலும் சிலுவைப் போருக்குப் போகலாம் என்று பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற் 1201இல் விதித்தார். பல வீடுகளில் சண்டை மூண்டிருக்கும்.

படைத்துறவி கொடுப்பது வார்த்தைப்பாடு. சாகும்வரைக்குமானது. கற்பு, கீழ்ப்படிதல், சொந்தச் சொத்து இல்லாமை என்ற மூன்றும் சேர்ந்தே வரும். 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர் பின்னர் செய்துகொள்ளும் திருமணம் திருமணமே அல்ல என்று தீர்த்துவிட்டது. ஆகவே ஒரு டெம்பிளர் வீரர் ஓடிப்போய் மாலை மாற்றினாலும் திருச்சபையின் கணக்கில் அவர் மணமாகாதவர், ஓடிப்போன துறவி.

சபையில் சேரும்போது என்ன கேட்பார்கள்? தினசரி வாழ்க்கையில் இந்த வார்த்தைப்பாட்டை எப்படிக் காப்பாற்றினார்கள்? உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிறேன், விவரமாகச் சொல்லுங்கள்.
– மாணவர், கிளிநொச்சி

டெம்பிளர் சபையை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஒழுங்கு நூல்தான் மிக விவரமாகக் கிடைத்திருக்கிறது. பிரான்சின் துருவா நகரில் 1129இல் கூடிய சங்கத்தில் லத்தீன் ஒழுங்கு எழுதப்பட்டது. பிறகு பிரெஞ்சில் மொழிபெயர்த்து, ஆண்டுக்கு ஆண்டு வழக்குகளையும் தீர்ப்புகளையும் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

சேர வருபவரைச் சகோதரர்கள் கூடியிருக்கும் அவையில் நிறுத்திக் கேட்பார்கள்: மனைவி உண்டா, நிச்சயித்த பெண் உண்டா, வேறு சபையில் வாக்குக் கொடுத்திருக்கிறாயா, அடைக்க முடியாத கடன் உண்டா, மறைத்த நோய் உண்டா, யாருடைய அடிமையேனுமா? இவற்றில் எச்சரிக்கை மிகக் கடுமையாக இருந்தது மனைவி பற்றிய கேள்விக்குத்தான். பொய் சொல்லிச் சேர்ந்து, பின்னர் மனைவி வந்து உரிமை கேட்டால், உடையைப் பறித்து, விலங்கிட்டு, அடிமைகளோடு வேலை வாங்கி, வேண்டிய அளவு அவமானப்படுத்திய பிறகு அவளிடமே கையளிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆள் தெளிவாகப் பதில் சொன்ன பிறகுதான் கடவுளுக்கும் மாதாவுக்கும் வாக்குக் கொடுப்பது நடக்கும். அங்கே அவருக்குச் சபை தருவதாகச் சொல்வது ரொட்டியும் தண்ணீரும் எளிய உடையும் நிறைய வேலையும்.

மற்றத் துறவற மடங்களில், வாக்குக் கொடுக்குமுன் புதியவரைப் பழக்கிப் பார்க்கும் நவதுறவுக் காலம் இங்கே நடைமுறையில் இல்லை. லத்தீன் ஒழுங்கில் சோதனைக் காலம் பற்றிய வரி இருக்கிறது, பிரெஞ்சில் காணோம். போர்முனைக்கு ஆள் தேவை. காலையில் உலகத்தார், மாலையில் துறவி. வேலிக்கு வெளியே நின்று பழகாமலே உள்ளே வந்தவரிடம் மனக்கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது வீண் என்று ஒழுங்கை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால் அவர்கள் மனத்தை விட்டுவிட்டுப் படுக்கையையும் கதவையும் பிடித்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை. சட்டையும் உள்ளாடைக் காற்சட்டையும் போட்டபடியே படுக்க வேண்டும், இடுப்பில் சிறு கச்சை அல்லது கயிறு கட்டியிருக்க வேண்டும். படுக்கைக் கூடத்தில் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். திடீரென்று எதிரி வந்தால் உடனே எழுந்து ஆயுதம் எடுக்க வசதி என்று சிலர் விளக்கம் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் விளக்கைப் பற்றி ஒழுங்கே சொல்லும் காரணம் வேறு: இருள் தீமைக்கு வழி திறக்கும்.

பைக்கும் பெட்டிக்கும் பூட்டுக் கூடாது. வீட்டிலிருந்து, தாய் தகப்பனிடமிருந்து, கடிதம் வந்தாலும் தலைவரின் அனுமதியோடு, அவர் முன்னால்தான் வாசிக்க வேண்டும். அனுமதியின்றி நகருக்குள் போகக் கூடாது; ஜெருசலேம் மதிலுக்குள் இருக்கும் கல்லறைக்கும் செபத் தலங்களுக்கும் இரவில் போகலாம், அவ்வளவுதான். கூர்முனைச் சப்பாத்தும் அலங்கார நாடாவும் கிடையாது. பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கூடாது. அந்த உறவு வந்தால் அந்த வீட்டுப் பெண்களோடு போக்குவரத்தும் வரும்.

எங்களுக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுவது இது: உலகத்தில் இருந்தபோது செய்த வீரதீரங்களையோ பெண்களோடு கொண்ட சகவாசத்தையோ சகோதரர்களுக்குள் கதைக்கக் கூடாது. ஒருவர் தொடங்கினால் கேட்பவர் அவரை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் எழுந்து போக வேண்டும். பத்து வாலிபர் இரவில் ஒன்றாகப் படுக்கும் இடத்தில் முதலில் அவிழ்வது வாய்தான்.

லத்தீன் ஒழுங்கின் கடைசி விதி பலருக்குத் தெரிந்தது: விதவை, கன்னி, தாய், சகோதரி, அத்தை என்று எந்தப் பெண்ணுக்கும் முத்தம் கொடுக்கக் கூடாது. தாய்க்குமா என்று கேட்காதீர்கள். அங்கே முத்தம் கும்பிடு போடுவது போன்ற சாதாரண வணக்கமுறை. ஒருவரை விட்டு ஒருவரைத் தடுத்தால் வாசலில் நின்று உறவுமுறை விசாரிக்க வேண்டி வரும். எல்லாரையும் தடுத்தால் விசாரணை தேவையில்லை.

ஹொஸ்பிற்றலரின் ஒழுங்கு இதைவிடச் சுருக்கமானது. அவர்கள் அடிப்படையில் நோயாளரைப் பார்த்தவர்கள். வெளியே போய் உதவி திரட்டுவதும் அவர்கள் வேலை. அதனால் அவர்களுடைய விதிகள் பயணத்தை நினைத்து எழுதப்பட்டவை. தனியே போகக் கூடாது, இருவர் மூவராகப் போக வேண்டும். தங்கும் வீட்டில் பெண்கள் அவர்களுடைய தலையையோ காலையோ கழுவக் கூடாது, படுக்கை விரிக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் தவறினால்? வெளியேற்றிவிடுவார்களா?
– அதே மாணவர்

இங்கேதான் பலர் எதிர்பாராத விடை இருக்கிறது. டெம்பிளரின் தண்டனை ஏணியில் உச்சப்படி ‘வீட்டை இழத்தல்’, அதாவது நிரந்தரமாக வெளியேற்றம். அதற்கு அடுத்தது ‘உடையை இழத்தல்’, அதிகபட்சம் ஓராண்டும் ஒரு நாளும். போர்க்களத்தில் கொடியை விட்டு ஓடியவர், அவையின் இரகசியத்தை வெளியிட்டவர், திருடியவர், கிறிஸ்தவர் ஒருவரைக் கொன்றவர், பணம் கொடுத்துச் சபைக்குள் வந்தவர் ஆகியோர் வீட்டை இழந்தார்கள். பெண்ணோடு சேர்ந்தவர் உடையை மட்டும் இழந்தார். கற்பை விடக் கொடி பெரிது. படையாகப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

ஆனால் உடையை இழப்பது சின்ன விஷயமல்ல. குதிரையும் ஆயுதமும் பொதுவுக்குப் போய்விடும். நிலத்தில் இருந்து சாப்பாடு, அடிமைகளோடு வேலை, வாரத்தில் மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும், ஞாயிறு தோறும் எல்லார் முன்னாலும் கசையடி. பெண் விஷயத்தில் விழுந்தவருக்கு விலங்கும் உண்டு. காலம் முடிந்து உடை திரும்பக் கிடைத்தாலும் ஒரு தழும்பு மாறாது: அவர் சபையின் கறுப்பு வெள்ளைக் கொடியை இனி ஒருபோதும் ஏந்தக் கூடாது, தலைவரைத் தெரிவு செய்யும் குழுவில் இருக்கவும் கூடாது.

சாட்சி எப்படிப் பிடிப்பது? நேரில் கண்டவர் வேண்டும் என்றால் ஒருவரையும் தண்டிக்க முடியாது. அதனால் கெட்ட இடத்தில், கெட்ட பெண்ணோடு, தனியாக இருந்தாலே சேர்ந்ததாகக் கொள்வோம் என்று விதியை வளைத்தார்கள்.

ஆணோடு ஆண் சேர்வதை மட்டும் வேறு தட்டில் வைத்தார்கள். அது வீட்டை இழக்கும் குற்றம். பாலஸ்தீனத்தின் அத்லித் கடற்கரையில் இருந்த ‘யாத்திரிகர் கோட்டை’யில் மூவர் அகப்பட்டபோது, தலைவர் அதை அவையில் பேசவும் விரும்பாமல் அவர்களை ஆக்கர் நகருக்கு அனுப்பிச் சிறையில் போட்டார் என்று ஒழுங்கு நூலே பதிந்திருக்கிறது.

ஹொஸ்பிற்றலர் பார்த்த கோணம் வேறு. தவறு ஒருவருக்கும் தெரியாமல் நடந்தால் இரகசியமாக ஒறுத்தல் செய்துகொள்ளலாம். ஊரறிந்துவிட்டால், ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்த பிறகு, உடையைக் களைந்து, வாராலோ பிரம்பாலோ கடுமையாக அடித்து வெளியேற்ற வேண்டும். மனந்திரும்பி வந்தால் ஏற்கலாம், ஆனால் ஓராண்டு அந்நியனைப் போல நடத்த வேண்டும். பாவத்தை விடப் பேர் கெடுவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். நன்கொடையில் ஓடும் மருத்துவமனைக்கு அது நியாயமான பயம்.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்றால், ஐரோப்பாவின் நாட்டுப்புறப் பண்ணை இல்லங்களில். ஜெருசலேமிலோ ஆக்கரிலோ பெரிய இல்லம், பல கண்கள். பிரான்சின் ஒரு மூலையில் இரண்டு மூன்று சகோதரரும் கூலியாட்களும் வயலும் மாடும். அங்கே இரவு விளக்கு யாருக்காக எரியும்? மற்றவரைப் பார்த்துக்கொள் என்று கட்டிய ஒழுங்கு, மற்றவர் இல்லாத இடத்தில் நிற்காது.

சிலுவைப் போருக்குப் போனவர்கள் மனைவியரின் இடுப்பில் இரும்புப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்களாமே?
– வாசகர், ஒட்டுசுட்டான்

கட்டுக்கதை. அப்படி ஒரு பூட்டின் படம் கொன்றாட் கைசர் என்பவரின் போர்ப்பொறி நூலில் 1405இல் வருகிறது. அதே நூலில் நம்ப முடியாத வேறு பொறிகளும் உண்டு. நூதனசாலைகளில் காட்டப்பட்ட ‘மத்தியகாலப் பூட்டுகள்’ பல 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவை. யோசித்துப் பாருங்கள், எங்கள் வெயிலில் ஒரு வாரம் இரும்பை அப்படி அணிந்தால் புண் வந்தே ஆள் போய்விடும். கற்புக்காக இடுப்பில் உண்மையிலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டவர்கள் ஆண்கள்தான். நம்மூர் அரைஞாண் கயிறு போன்ற ஒன்றை.

மணமானவர்கள் சேரவே முடியாதா? பெண்களுக்கு இடம் இருந்ததா?
– ஆசிரியை, மல்லாவி

மணமானவர் டெம்பிளர் சபையோடு இணைந்து வாழலாம், ஆனால் கற்பின் அடையாளமான வெள்ளை மேலங்கி கிடையாது. சகோதரரோடு ஒரே வீட்டில் தங்கவும் முடியாது. கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால் சொத்தில் ஒரு பங்கு சபைக்கு, மிச்சம் மற்றவரின் சீவியத்துக்கு. குறித்த காலத்துக்கு மட்டும் வந்து சேவை செய்த வீரர்களும் உண்டு. கற்பும் சொத்தும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை இங்கே காணலாம்: முறையான பிள்ளை இல்லாதவனுக்கு வாரிசு இல்லை, வாரிசு இல்லாதவன் கையிலிருந்த நிலம் சபையை விட்டுப் போகாது. பக்தி ஒரு காரணம், காணி இன்னொரு காரணம். ஒன்றை மட்டும் சொல்பவர் பாதிதான் சொல்கிறார்.

முழுக்க வேறு வழியில் போனது ஸ்பெயினின் சந்தியாகோ சபை. சந்தியோகுமையோர் என்று நம் பழைய கத்தோலிக்கர் சொல்லும் புனித யாகப்பரின் பெயரில் 1170இல் தொடங்கி, 1175இல் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தரின் ஏற்பைப் பெற்றது. அங்கே வீரர்கள் மணம் முடிக்கலாம். அவர்கள் கொடுத்தது ‘மணவாழ்வுக் கற்பு’ என்ற வார்த்தைப்பாடு: ஒருத்திக்கு ஒருவனாக இருப்பது, தவக்காலம் போன்ற குறித்த நாட்களில் விலகியிருப்பது. முள்ளியவளை வாசகி கவனிக்கவும், கண்ணகி பக்கம் நிற்கும் சபை இதுதான்.

பெண்களைப் பற்றி: டெம்பிளர் ஒழுங்கு இனிமேல் சகோதரிகளைச் சேர்க்க வேண்டாம் என்றது. ‘இனிமேல்’ என்ற சொல்லே அதற்கு முன் இருந்தார்கள் என்று காட்டிக்கொடுக்கிறது. ஹொஸ்பிற்றலர் தனிக் கன்னியர் மடங்களையே வைத்திருந்தனர். அரகோன் இராணி சாஞ்சா 1188 அளவில் நிறுவிய சிகேனா மடம் அவற்றில் புகழ்பெற்றது. ஜேர்மனியரின் தியூற்றோனிக் சபை நடுவழி கண்டது. பெண்களோடு பழகினால் ஆண்மனம் இளகிவிடும், ஆகவே முழு உறுப்பினராகச் சேர்க்க வேண்டாம். ஆனால் நோயாளரையும் கால்நடைகளையும் பார்க்கும் சில வேலைகளைப் பெண்களே நன்றாகச் செய்வார்கள், ஆகவே அரைச் சகோதரிகளாகச் சேர்த்து வெளியே வேறு வீட்டில் வையுங்கள் என்றது. மாடு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு எங்கேயும் இருக்கிறது, வீடு மட்டும் வெளியே.

கற்பு தவறியதற்காகத்தான் டெம்பிளர்களை எரித்தார்களா?
– வாசகர், அடம்பன்

இல்லை. பிரான்சின் அரசன் நான்காம் பிலிப் 1307 ஒக்ரோபர் 13 வெள்ளிக்கிழமை அவர்களைப் பிடித்தபோது சுமத்தியவை: சேரும் சடங்கில் கிறிஸ்துவை மறுத்தார்கள், சிலுவையில் துப்பினார்கள், அருவருப்பான முத்தங்கள் கொடுத்தார்கள், சகோதரர் தமக்குள் சேரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள், தலையுருவம் ஒன்றை வணங்கினார்கள். பெண்களோடு சேர்ந்தார்கள் என்பது இந்தப் பட்டியலில் பெரிதாக எழவேயில்லை. சித்திரவதையில் பலர் பலதை ஒப்புக்கொண்டனர்.

அந்தப் பட்டியலில் கயிறும் இருந்தது. படுக்கும்போது இடுப்பில் கட்டும் அதே கற்புக் கயிறு. அதை விக்கிரகத் தலையில் தொடவைத்துக் கட்டிக்கொள்கிறார்கள் என்று குற்றப்பத்திரம் சொன்னது. தூய்மைக்காகத்தான் கட்டுகிறோம் என்று சகோதரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சபையின் அவை பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்ததால், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியார் எதையும் கற்பனை செய்யலாம். கயிறு அதற்கு வசதியாகக் கிடைத்த சான்று. பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து 1312இல் குற்றத் தீர்ப்பு எழுதாமலே சபையைக் கலைத்தார். கடைசித் தலைவர் ஜாக் து மொலே 1314 மார்ச்சில் எரிக்கப்பட்டது, கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றதற்காக.

திருமணத்துக்குத் தடை விதித்த ஆயுத அமைப்பை நாங்களும் பார்த்தவர்கள். இரண்டையும் ஒப்பிடலாமா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

வன்னியில் இந்தக் கேள்வி வராமலிருந்தால்தான் அதிசயம். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறோம். படையின் தடை தளபதியின் கட்டளை, போட்டவரே தளர்த்தலாம். துறவியின் வாக்குக் கடவுளுக்குக் கொடுத்தது. மூன்று வார்த்தைப்பாடுகளில் எதிலிருந்தும் விலக்களிக்கத் தலைவருக்கே அதிகாரமில்லை, ஒன்று முறிந்தால் எல்லாம் முறிந்தன என்று தியூற்றோனிக் ஒழுங்கு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கூட்டாகப் படுப்பது, வீட்டுத் தொடர்பைக் கட்டுப்படுத்துவது போன்ற வெளி ஒற்றுமைகள் எந்தப் படைக்கும் பொது. அதற்கு மேல் போவது இந்தப் பகுதியின் வேலையல்ல.

மன்னாருக்கு வந்த போர்த்துக்கேயருக்கும் இந்தச் சபைகளுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, முருங்கன்

நேரடித் தொடர்பு. டெம்பிளர் கலைக்கப்பட்ட பின் போர்த்துக்கலில் அவர்களுடைய சொத்தைக் கொண்டு 1319இல் கிறிஸ்து சபை உருவானது. கப்பல் பாயில் இருந்த சிவப்புச் சிலுவை அவர்களுடையது. கடல் கடந்த நாடுகளின் ஆன்மிக அதிகாரத்தை 1456இல் பாப்பரசர் மூன்றாம் கலிஸ்து இந்தச் சபைக்கே கொடுத்தார். ஆனால் மன்னார்க் கோட்டை எழுந்த 1560இல் பழைய வார்த்தைப்பாட்டைத் தேடாதீர்கள். வைப்பாட்டி வைத்திருப்பது வழக்கமாகிவிட்டதால், 1496இல் பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தர் கிறிஸ்து சபைக்கும் போர்த்துக்கலின் இன்னொரு படைத்துறவியர் சபையான ஆவிஸ் சபைக்கும் மணம் முடிக்க அனுமதி கொடுத்துவிட்டார். ஸ்பெயினின் கலத்ராவா சபைக்கு அது 1540இல் கிடைத்தது. தியூற்றோனிக் தலைவர் அல்பிரெக்ற் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. 1525இல் பாப்பரசரை எதிர்த்த சீர்திருத்தவாதி லூத்தரின் பக்கம் போய்ச் சபையின் பிரஷ்ய நிலத்தைத் தன் சிற்றரசாக்கி, அடுத்த ஆண்டு தென்மார்க் இளவரசியை மணந்தார்.

வாஸ்கோ ட காமா முதலில் சந்தியாகோ சபையிலும் பிறகு கிறிஸ்து சபையிலும் வீரராக இருந்தவர். மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர்.

இன்று யாராவது இந்த வார்த்தைப்பாட்டோடு இருக்கிறார்களா?
– வாசகர், நெடுங்கேணி

ஹொஸ்பிற்றலரின் வழிவந்த மோல்ற்றா சபையில், ‘நீதி வீரர்’ எனப்படும் சிறு பிரிவினர் இன்றும் மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொடுக்கிறார்கள். மற்ற உறுப்பினர் பெரும்பாலும் குடும்பத்தார். வாள் இல்லை; அம்புலன்ஸ் உண்டு.